பிறந்த வீட்டின் வரலாற்றைத் தேடுவோம்

"நீ எங்கே பிறந்தாய்?" என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் ஒரு மருத்துவமனையின் பெயரைச் சொல்வார்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் பலர் ஒரு வீட்டைச் சொல்வார்கள். "நன்னா வீட்டில், உள் அறையில், மருத்துவச்சி வந்து பார்த்தாள்" என்பார்கள். அந்த வீட்டை யார் கட்டினார்கள், மனை யாரிடமிருந்து வந்தது, இன்று அதில் யாருக்கெல்லாம் பங்கு இருக்கிறது என்று மேலும் கேட்டால், பெரும்பாலும் பதில் வராது. அந்தப் பதிலைத் தேடும் வழியை இந்த மாதப் பாடத்தில் பார்ப்போம்.

ஊர் அறிந்த இரண்டு வீடுகள்

ராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவில் உள்ள தம் பூர்வீக வீடு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டப்பட்டது என்று டாக்டர் அப்துல் கலாம் தம் தன்வரலாற்று நூலில் குறிப்பிட்டிருக்கிறார். நம் விருதுநகரில் காமராஜர் வாழ்ந்த வீடு அரசு நினைவு இல்லமாகக் காக்கப்படுகிறது. பெருந்தலைவர்களின் வீடுகளுக்கு வரலாறு எழுத ஆள் உண்டு. நம் வீட்டின் வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும்.

காமராஜர் 1903இல் பிறந்தபோது ஊரின் பெயர் விருதுபட்டி. 1923இல்தான் அது விருதுநகர் ஆனது. மாவட்டமும் அப்போது திருநெல்வேலி. 1910இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகள் அதில் சேர்ந்தன. 1985இல் காமராஜர் மாவட்டம் பிரிந்தது. 1997இல் அதுவே விருதுநகர் மாவட்டம் என்று பெயர் பெற்றது. வீடு இருந்த இடத்திலேயே இருக்க, அதன் மாவட்டத்துக்கு நான்கு பெயர்கள் வந்துவிட்டன. ஆமத்தூரில் 1985க்கு முன் பிறந்தவரின் சான்றிதழில் 'ராமநாதபுரம் மாவட்டம்' என்று இருந்தால் அது பிழை அல்ல. பழைய ஆவணத்தைத் தேடும்போது அந்தக் காலத்து மாவட்டத்தின் பெயரில் தேட வேண்டும்.

முதலில் பெரியவர்கள், பிறகு காகிதம்

தேடலை அலுவலகத்தில் தொடங்க வேண்டாம். வீட்டில் மூத்தவரிடம் தொடங்குங்கள். குறிப்பாக நன்னிமார்களிடமும் அத்தாவின் சகோதரிகளிடமும் கேளுங்கள். பத்திரத்தில் வாங்கியவர், விற்றவர் பெயர்தான் இருக்கும். அந்த வீட்டில் பிறந்தவர்கள், வாக்கப்பட்டு வந்தவர்கள், சிறு வயதில் மவுத்தான பிள்ளைகள் எல்லாம் பெண்களின் நினைவில்தான் இருப்பார்கள். அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்து, கேட்ட தேதியையும் குறித்து வையுங்கள். "பெரிய மழை பெய்த வருஷம்" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். ஆண்டைப் பிறகு கண்டுபிடிக்கலாம்.

அடுத்தது பிறப்புச் சான்று. அதில் 'பிறந்த இடம்' என்ற கட்டம் உண்டு. வீட்டில் பிறந்திருந்தால் வீட்டு முகவரியும், மருத்துவமனையில் பிறந்திருந்தால் அதன் பெயரும் இருக்கும். இன்று நடைமுறையில் உள்ளது 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். அதற்கு முன் சென்னை மாகாணத்தின் 1899ஆம் ஆண்டுச் சட்டப்படி கிராமங்களில் முன்சீப் பதிந்து வந்தார். பரம்பரை முன்சீப், கர்ணம் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பழைய பதிவேடு எங்கே இருக்கிறது என்று முதலில் அவரிடமும், பிறகு தாலுகா அலுவலகத்திலும் கேளுங்கள்.

பத்திரமும் நத்தமும்

வீட்டில் இருக்கும் கிரயப் பத்திரத்தைப் பிரித்துப் படியுங்கள். வாங்கியவரின் பெயரோடு நின்றுவிடாமல் 'நான்கு எல்லை' பகுதியையும் பாருங்கள். இன்னார் வீட்டுக்கு மேற்கு, இன்னார் மனைக்குத் தெற்கு என்று அண்டை வீட்டாரின் பெயர்கள் அதில் இருக்கும். உங்கள் பத்திரம் தொலைந்திருந்தால், பக்கத்து வீட்டுப் பத்திரத்தில் உங்கள் நன்னாவின் பெயர் எல்லையாக நிற்கக்கூடும். அண்டை வீட்டாரோடு நல்லுறவு வைத்திருப்பதன் பலனை அன்று உணர்வீர்கள்.

பதிவுச் சட்டம் 1908ஆம் ஆண்டுடையது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அசையாச் சொத்துகளின் பத்திரங்கள் முதலாம் புத்தகத்தில் பதியப்படுகின்றன. ஆட்களின் பெயர் வாரியாகவும், சொத்தின் வாரியாகவும் அதற்கு அட்டவணைகள் உண்டு. வில்லங்கச் சான்று கேட்டால், குறிப்பிட்ட காலத்தில் அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம், பாகப்பிரிவினை, தானம் ஆகியவை தெரியும். அண்மைக் காலப் பதிவுகளைப் பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்கலாம். மிகப் பழையவற்றுக்கு அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும்.

கிராமத்து வீடுகள் பெரும்பாலும் நத்தம் இடத்தில் உள்ளவை. நத்தத்தில் முன்பு தனித்தனிப் பட்டா கிடையாது. நத்தம் நிலவரித் திட்டம் வந்த பிறகே பட்டா கொடுக்கப்பட்டது. ஆகவே உங்கள் வீட்டுக்குப் பழைய பட்டா இல்லையே என்று பதற வேண்டாம். அந்தக் காலத்துக்கு ஊராட்சியின் வீட்டு வரி ரசீதுதான் நல்ல சாட்சி. பழுப்பேறிய ரசீது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஆண்டுக் கணக்கில் கவனம்

வருவாய்த்துறை ஆவணங்களில் 'பசலி' ஆண்டு இருக்கும். அது ஜூலை 1 அன்று தொடங்கும். பசலியோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1400 என்றால் 1990 ஜூலை முதல் 1991 ஜூன் வரை. இதை ஹிஜ்ரி 1400 என்று எண்ணிவிடக் கூடாது. அது 1979 நவம்பரில் பிறந்தது. திருநெல்வேலிச் சீமையின் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டும் வரும். கொல்லம் 1100 தொடங்கியது 1924 ஆகஸ்டில். தமிழ் எண்களில் எழுதியிருந்தால், படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜமாஅத்தும் கட்டடமும்

பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேட்டில் மணமக்களின் பெற்றோர் பெயரும் ஊரும் கிடைக்கலாம். அங்கேயே இன்னொன்றையும் கேளுங்கள். உங்கள் முன்னோர் பள்ளிவாசலுக்கு மனை வாடகை கட்டி வந்தார்களா? கட்டி வந்திருந்தால், கட்டடம் நம்முடையதாக இருந்தாலும் மண் வக்ஃபுக்கு உரியதாக இருக்கலாம். அப்படித் தெரியவந்தால் அதை மறைக்கக் கூடாது.

கட்டடமும் தன் வயதை ஓரளவு சொல்லும். சுண்ணாம்புக் காரையா, சிமெண்டா, கூரை பனங்கட்டையா, கான்கிரீட்டா என்று பாருங்கள். மங்களூர் ஓடு என்றால் ஒன்றைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். செய்த கம்பெனியின் பெயர் அச்சாகியிருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதே 1865இல்தான். ஆகவே அந்தக் கூரை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. கூரையைப் பின்னால் மாற்றியும் இருப்பார்கள் என்பதால், சுவரின் வயதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

வில்லங்கச் சான்று சொல்லாதது

பாடத்தின் முக்கியமான இடம் இது. வில்லங்கச் சான்றில் பதிவானவை மட்டுமே வரும். ஒருவர் மவுத்தானவுடன் வாரிசுகளுக்குச் சேரும் உரிமை அதில் வராது. வாய்மொழியாகக் கொடுத்து, மறுதரப்பு ஏற்று, அனுபவமும் ஒப்படைக்கப்பட்ட ஹிபாவும் வராது. அத்தகைய ஹிபா பதிவு இல்லாமலே செல்லும் என்று 2011இல் உச்ச நீதிமன்றமும் கூறியிருக்கிறது. ஆகவே 'வில்லங்கம் இல்லை' என்ற ஒரு வரியை மட்டும் நம்பி, வீட்டில் வேறு யாருக்கும் பங்கில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். நன்னா மவுத்தாகிறார். நன்னியும் இரண்டு ஆண் மக்களும் மூன்று பெண் மக்களும் இருக்கிறார்கள். அவருடைய பெற்றோர் உயிரோடு இல்லை. அடக்கச் செலவும் கடனும் வஸிய்யத்தும் போக மீதியை எட்டுப் பங்காக்கினால், நன்னிக்கு 1, ஒவ்வொரு மகளுக்கும் 1, ஒவ்வொரு மகனுக்கும் 2. ஆனால் பட்டா மூத்த மகன் பெயரில் மட்டும் மாறியிருக்கும். பட்டா மாறியதால் மட்டும் மற்றவர்களின் உரிமை அற்றுப்போவதில்லை. மூன்று சகோதரிகளின் மூன்று பங்கும் அந்தச் சுவருக்குள்தான் இருக்கிறது. அவர்கள் வாய் திறந்து கேட்கவில்லை என்பது விட்டுக்கொடுத்ததற்கு ஆதாரம் ஆகாது.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்-பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் வழிகாட்டுகிறது. வாரிசுப் பங்குகளை அந்-நிஸா அத்தியாயம் வகுத்துக் கொடுக்கிறது. வீட்டின் வரலாற்றைத் தேடிப் பார்த்துவிட்டு, அதில் தெரிந்த ஹக்கைக் கொடுக்காமல் இருந்தால் தேடியதில் என்ன பயன்?

இந்த மாதப் பயிற்சி

1. வீட்டு மூத்தவர் ஒருவரிடம் அரை மணி நேரம் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

2. பத்திரம், பட்டா, வரி ரசீது, பிறப்புச் சான்று, இறப்புச் சான்று ஆகியவற்றைப் படம் எடுத்து, குடும்பத்தில் இருவரிடமாவது கொடுத்து வையுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

3. ஒரு தாளில் வீட்டின் படம் வரைந்து, எந்த அறை எப்போது கட்டப்பட்டது, அங்கே யார் பிறந்தார்கள் என்று குறியுங்கள். தெரிந்ததையும் கேள்விப்பட்டதையும் தனித்தனியாக எழுதுங்கள்.

4. அந்த வீட்டில் பிறந்த எல்லோரின் பெயரையும், பெண் மக்களை விடாமல் எழுதுங்கள். பாகம் பிரியாமல் இருந்தால் ஆலிம் ஒருவரிடமும் வழக்கறிஞர் ஒருவரிடமும் ஆலோசனை கேளுங்கள்.

பழைய வீட்டை இடித்துப் புதிது கட்ட நினைப்பவர்கள், கடப்பாரை எடுப்பதற்கு முன் இந்த நான்கையும் முடித்துவிடுங்கள். இன்ஷா அல்லாஹ், புதிய வீட்டில் குடியேறும் நாளில் அங்கே பிறந்த சகோதரிகளும் மனநிறைவோடு வந்து துஆ செய்வார்கள்.