வாடகைதாரர்களுக்குள் சத்தத் தகராறு: கட்டட உரிமையாளர் கவனத்திற்கு

நம் சங்க உறுப்பினர்களில் பலர் வியாபாரிகள் மட்டுமல்ல, கட்டட உரிமையாளர்களும் ஆவர். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியானாலும், அறந்தாங்கி, ஆலங்குடி கடைத்தெருவானாலும் ஒட்டி ஒட்டிக் கடைகள். பல இடங்களில் கீழே கடை, மாடியில் குடித்தனம். மாவு மில் மோட்டார், ஜெனரேட்டர், விடியற்காலை லோடு இறக்குதல் என ஏதாவது ஒன்றால் தகராறு கிளம்பும். இருவரும் உரிமையாளரிடம்தான் வருவார்கள். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. தவறாகக் கையாண்டால் நல்ல வாடகைதாரர் இருவரையுமே இழப்போம்.

முன்னால் வந்தவர் யார்?

"இருபது வருஷமாக மில் ஓட்டுகிறேன், அவர் நேற்று வந்தவர்" என்பதே வழக்கமான வாதம். லண்டனில் 1879ஆம் ஆண்டு தீர்ப்பான வழக்கு ஒன்று உண்டு. மிட்டாய் தயாரிப்பவர் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உரலில் இடித்து வந்தார். பின்வீட்டு டாக்டர் அந்தச் சுவரை ஒட்டி, நோயாளிகளைப் பார்க்கும் அறையைப் பிற்பாடு கட்டினார். அதன் பிறகே சத்தம் தொந்தரவானது. ஆயினும் தீர்ப்பு டாக்டர் பக்கம்தான். முன்னால் வந்தேன் என்பது மட்டும் போதாது என்பதே நமக்குப் பாடம்.

சட்டம் சொல்வது

மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி வணிகப் பகுதியில் பகலில் 65 டெசிபல், இரவில் 55. குடியிருப்புப் பகுதியில் முறையே 55, 45. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை.

2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எழுத்து மூல ஒப்பந்தம் அவசியம். தொந்தரவு தருபவர் என்பதற்காகக் கரண்டையோ தண்ணீரையோ நிறுத்தக் கூடாது. பொதுத் தொந்தரவு உண்டாகும்படி இடத்தைப் பயன்படுத்துபவர், நோட்டீஸ் கொடுத்த பிறகும் நிறுத்தாவிட்டால், வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். அது கடைசி வழி.

நாம் செய்ய வேண்டியவை

1. புகார் வந்தவுடன் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சத்தம் வரும் நேரத்தில் புகார் சொன்னவர் இடத்திலேயே அரை மணி உட்காருங்கள். ஒரு வாரத்துக்கு நாள், மணி, எந்தச் சத்தம் என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

2. கட்டடத்தைப் பாருங்கள். தடுப்புச் சுவர் கூரையைத் தொடாமல் பாதியில் நிற்கிறதா? காற்றுப் போகும் இடுக்கில் சத்தமும் போகும். அதை அடைப்பது நம் செலவு. மோட்டாரைச் சுவரை ஒட்டாமல் தள்ளி வைத்து, அடியில் ரப்பர் போட்டு, தளர்ந்த போல்ட்டை முடுக்குவது மில்காரர் வேலை.

3. நேரத்தைப் பிரித்துக் கொடுங்கள். நம் கட்டடத்தில் மாடிக் குடித்தனப் பிள்ளை பொதுத் தேர்வுக்குப் படித்த மூன்று மாதம், கீழே மாவு மில்லை மாலை 6 மணியுடன் நிறுத்த இருவரும் ஒப்பினர். மில்காரருக்கு மாலை அரவைதான் வருமானம் என்பதால் அந்த மூன்று மாத வாடகையில் கொஞ்சம் குறைத்துக் கொண்டோம். இடத்தைக் காலியாகப் பூட்டி வைப்பதைவிட அது சிறிய நஷ்டமே.

4. முடிவை எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். புதிய ஒப்பந்தத்தில் என்ன இயந்திரம், எத்தனை குதிரைத்திறன், எந்த நேரம் ஓடும் என்பதை முதலிலேயே சேர்த்து விடுங்கள். அட்வான்ஸ் வாங்கும் நாளில் பேசாததைப் பிறகு பேசுவது கடினம்.

5. ஒரே தராசு வேண்டும். உறவினர் கடைக்கு ஒரு நியாயம், பிறருக்கு ஒரு நியாயம் என்றால் நம் பேச்சு எடுபடாது. நம் மொத்தக் கடைக்கு விடியற்காலை 4 மணிக்கு லாரி வந்தாலும் சட்டப்படி அது இரவுதான். லோடை 6 மணிக்கு மேல் இறக்கினால், அடுத்தவரிடம் நேரம் கேட்கும் தகுதி நமக்கு இருக்கும்.