திரையில் பளிச், பிரிண்டில் இருட்டு

கேள்வி: மானிட்டரில் பளிச்சென்று தெரியும் கல்யாணப் படங்கள், பிரிண்ட் போட்டால் இருட்டடித்து வருகின்றன. லேபை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி மானிட்டரின் பிரைட்னஸ்தான். புது மானிட்டர்கள் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தோடுதான் வருகின்றன. அதைப் பார்த்து நீங்கள் படத்தின் வெளிச்சத்தைக் குறைத்திருப்பீர்கள். அரைமணி நேரம் திரையை ஓடவிட்டு, கலர் அளக்கும் கருவியை அதன்மேல் பொருத்தி, பிரைட்னஸ் 100 முதல் 120 நிட், வெண்மை 6500 கெல்வின், காமா 2.2 என்று வையுங்கள். கருவி தரும் கலர் புரொஃபைல் உங்கள் திரைக்கு மட்டும்தான், அதைப் படத்தில் ஏற்றி அனுப்பாதீர்கள் (பலர் அனுப்புகிறார்கள்!). லேப் வேறு ஏதும் கேட்காதவரை படத்துக்கு எஸ்ஆர்ஜிபி கலர் ஸ்பேஸ் போதும். அடோபி ஆர்ஜிபியில் அனுப்பி, லேப் அதைக் கவனிக்காமல் விட்டால், பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு வெளிறிவிடும். அடுத்த ஆல்பத்துக்கு முன், ‘ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம்’ என்று லேபிடம் சொல்லி ஒரே ஒரு பிரிண்ட் போட்டுப் பாருங்கள்.