பழைய வீட்டின் வரலாறு எழுதும் முறை

வீட்டைப் பழுது பார்க்கவோ மாற்றிக் கட்டவோ கடன் கேட்கும் அங்கத்தினர்களிடம் நாம் மூலப் பத்திரத்தையும் வரைபடத்தையும் கேட்கிறோம். கடன் கைக்கு வந்ததும் கொத்தனார் வந்துவிடுகிறார். ஒரு வாரத்தில் பழைய சுவர் மண்ணாகிவிடுகிறது. அது எப்பொழுது எழுந்தது, யார் எழுப்பினார்கள், ஏன் அந்த இடத்தில் எழுப்பினார்கள் என்பவை எவர் குறிப்பிலும் ஏறுவதில்லை. இடிப்பதற்கு முன் இரண்டு நாள் செலவிட்டு வீட்டின் வரலாற்றை எழுதி வைப்பது எங்ஙனம் என்பதை, கொல்லிமலை அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் நாம் பார்வையிட்ட ஒரு வீட்டைக் கொண்டு விளக்குவோம்.

தெற்குப் பார்த்த வீடு அது. முன்பாகம் சீமை ஓடு. நடுக்கூடம் நாட்டு ஓடு. பின்கட்டு அண்மையில் போட்ட தார்சு. தரை முழுதும் சிமெண்டு. வீட்டுக்காரர் இன்று குச்சிக்கிழங்கு பயிரிடுகிறார். அவருடைய பாட்டனார் நெசவாளர். முன் நிலைக்கதவின் மேற்கட்டையில் ‘பிரபவ வருஷம் தை மாதம்’ என்று செதுக்கியிருக்கிறது. “நூற்றைம்பது வருஷத்து வீடுங்க” என்பது குடும்பத்தாரின் பெருமை. ஆனால் மூலப் பத்திரம் கிடைக்கவில்லை என்றார்கள். தேடியதில் பெட்டியின் அடியில் 1921-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்று அகப்பட்டது. “இது நம்முடையதல்ல, திருச்சி ஜில்லாவைச் சேர்ந்தது” என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதைக் கரையான் அரிக்காமல் விட்டது தெய்வச் செயலே.

பத்திரத்தின் தலைப்பில் ‘திருச்சினாப்பள்ளி ஜில்லா, நாமக்கல் தாலுகா’ என்றிருந்தது உண்மைதான். நாமக்கல் தாலுகா 1910-இல் சேலம் ஜில்லாவிலிருந்து பிரித்துத் திருச்சினாப்பள்ளியுடன் சேர்க்கப்பட்டு, 1929-இல் மீண்டும் சேலத்துக்கு வந்தது. 1997 ஜனவரி முதல் நாளிலிருந்து நாமக்கல்லே தனி மாவட்டம். ஆகவே வீடு ஓரங்குலம் நகராமலே மூன்று ஜில்லாக்களின் பெயரைத் தாங்கியிருக்கிறது. இப்பகுதி அங்கத்தினர்கள் இவ்வாண்டுகளைத் தம் பத்திரக் கட்டின் மேல் எழுதி ஒட்டி வைத்துக்கொள்வது நலம். நான்கெல்லையை ஒத்துப் பார்த்தோம். கிழக்கே கோயில் மனை, மேற்கே பொதுச் சந்து. இரண்டும் இன்றும் அப்படியே இருக்கின்றன. கடன் மனுவுக்கு இருந்த பெருந்தடை அன்றே நீங்கியது.

அதே பத்திரம் இன்னொன்றையும் சொல்லிற்று. மனை தென்வடல் 60 அடி. அதில் ‘நாட்டு ஓட்டு வில்லை வீடு’ தென்வடல் 41 அடி, கிழமேல் 22 அடி. நாம் நாடா பிடித்து அளந்தபோது, பின்கட்டுத் தார்சை நீக்கியே வீடு 52 அடி நீளம் இருந்தது. நடுக்கூடத்தின் தென்சுவரிலிருந்து வடக்கே அளந்தால் சரியாக 41 அடி. எனவே சுவருக்கு முன்னுள்ள 11 அடி 1921-க்குப் பின் சேர்ந்தது. எழுத்துள்ள நிலைக்கதவோ அந்த 11 அடியில்தான் நிற்கிறது. பிரபவ ஆண்டு அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வருவது: 1867-68, 1927-28, 1987-88. தை மாதமாகையால் குடும்பத்தார் 1868 என்று கொண்டார்கள். முன்பாகத்துக்குப் பொருந்துவது 1928. பழைய நிலையைப் பெயர்த்து முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கலாமே என்று ஐயம் வரும். நமக்கும் வந்தது. உள்சுவரின் வாயிலில் அதன் பழைய நிலை இன்னும் அசையாமல் இருப்பதைக் கண்டே ஐயம் தீர்ந்தோம். இதைச் சொன்னபோது வீட்டுக்காரர் முகம் சற்று வாடிற்று. கூடம் 1921-க்கு முன்பே நின்றது என்பதற்குப் பத்திரமே சாட்சி. அதன் வயதை யாரும் குறைக்கவில்லை.

கூரையும் இதையே கூறுகிறது. நாட்டு ஓட்டுக்கு அடியில் மூங்கிலோ சட்டமோ நெருக்கமாக வேண்டும். சீமை ஓடு ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால் அகல இடைவெளியில் ரீப்பர் அடித்தால் போதும். மரத்தில் ஆணித் துளைகளின் நெருக்கத்தைப் பார்த்தால் முன்பு எவ்வகை ஓடு இருந்தது என்பது விளங்கும். முன்பாகத்து மரத்தில் நெருக்கமான துளை ஒன்றுகூட இல்லை. தொடக்கத்திலேயே சீமை ஓட்டுக்காக எழுப்பியது. மங்களூரில் பாசல் மிஷன் பாதிரிமார் 1865-இல் ஓட்டு ஆலை தொடங்கியபின் இவ்வோடு தென்னாட்டில் பரவியது. ஓட்டின் மேலேயோ உட்புறத்திலோ ஆலையின் முத்திரை இருக்கும். அதைப் படித்து எழுதிக்கொள்க. ஆயினும் முத்திரையை மட்டும் நம்பலாகாது. நாம் பார்த்த கூரை ஒன்றிலேயே மூன்று ஆலைகளின் ஓடுகள் கலந்திருந்தன. காற்றில் உடைந்தவற்றுக்குக் கிடைத்ததை வாங்கிச் செருகியிருக்கிறார்கள்.

குறிப்பு எழுதும் முறை கடினமன்று. ஒரு நோட்டுப் புத்தகம், நாடா, புகைப்படக் கருவி போதும். கைப்பேசியே அதற்கு உதவும். திசை குறித்துத் தரைப்படம் வரைக. ஒவ்வோர் அறைக்கும் எண் இடுக. சுவரின் கனத்தைத் தவறாமல் அளக்க வேண்டும். கனம் மாறும் இடத்திலேதான் காலமும் மாறுகிறது. பூச்சு உதிர்ந்த இடத்தில் மண்ணா, சுண்ணாம்பா, சிமெண்டா என்று பார்க்க. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீட்டுடன் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடும் அங்கே உண்டு. நெசவாளர் வீட்டையும் பாதுகாக்கத் தக்கதென்று ஒருவர் கருதியதே நமக்கு மகிழ்ச்சி. அளவும் படமும் முன்னதாக இல்லாவிடில், பிரித்த வீடு வெறும் மரக்குவியல்தான்.

கடைசியாக, முதியோரைக் கேட்க வேண்டும். “எந்த வருஷம்?” என்று கேட்டால் விடை வராது. “உங்கள் கலியாணத்துக்கு முன்பா, பின்பா?” என்று கேட்டால் வரும். தாது வருஷப் பஞ்சத்துக்கு முன் என்று பாட்டனார் சொன்னதாக யாரேனும் கூறினால், அது 1876-க்கு முன்.

இவ்வீட்டில் தறி இருந்ததே இல்லை, பாட்டனார் வேறு வீட்டில் நெய்தார் என்று வீட்டுக்காரர் நம்பியிருந்தார். எண்பதைக் கடந்த அவருடைய அத்தை அதை ஏற்கவில்லை. கோலை ஊன்றிக் கூடத்துக்குள் வந்து, கிழக்குச் சன்னலுக்கு எதிரே தரையைத் தட்டினார். “இங்கதானுங்க தம்பி, எங்கய்யன் காலத் தொங்கப் போட்டு ஒக்காந்திருப்பாரு.” மேலே விட்டத்தைப் பார்த்தோம். ஓரிடத்தில் மட்டும் கயிறு உராய்ந்து மரம் பள்ளம் விழுந்து வழுவழுப்பாக இருந்தது. பலகை தொங்கிய இடம். சேலத்தில் 1906-இல் சாட்டர்டன் துரையின் மேற்பார்வையில் அரசாங்கம் கைத்தறி ஆலை நிறுவி விசைநாடாவைப் பயன்படுத்திக் காட்டியது. இக்குழியில் நெய்தவர் விசைநாடா இழுத்தாரா, கையால் நாடா வீசினாரா என்று அத்தையைக் கேட்டோம். “கயிறு இழுப்பாரு. சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேக்கும்” என்றார்.

மறுநாள் கொத்தனார் அவ்விடத்துச் சிமெண்டைக் கொத்தியபோது உள்ளே செங்கல் துண்டும் மண்ணும் நிரம்பிய குழி தெரிந்தது. நீளம் மூன்றேகால் அடி, அகலம் இரண்டரை, ஆழம் இரண்டு. அளந்து, படம் பிடித்து, தரைப்படத்தில் நான்காம் அறையில் குறித்தோம். அத்தை ஓரத்தில் உட்கார்ந்து குழிக்குள் காலை விட்டுப் பார்த்தார். மாலையில் அதை மூடிப் புதுத் தரை போட்டார்கள்.