ராஜினாமா கொடுத்தாச்சு, இனி வழி இருக்கிறதா?

கேள்வி: வழக்கறிஞர் அம்மா, என் கணவர் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு ஐ.டி. கம்பெனியில் 2016 ஜூலையில் சேர்ந்தார். இப்போது டெக்னிக்கல் லீட். மாதம் எல்லாம் சேர்த்து 90,000 ரூபாய், அதில் பேஸிக் 36,000. போன வருடம் வரை நல்ல ரேட்டிங்தான் கொடுத்தார்கள். இரண்டு மாதம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஒருநாள் எச்.ஆர். கூப்பிட்டு, "நீங்களே ராஜினாமா செய்தால் மூன்று மாத பேஸிக் தருவோம், ரிலீவிங் லெட்டர் சுத்தமாக இருக்கும். இல்லாவிட்டால் டெர்மினேஷன், அப்புறம் வேறெங்கும் வேலை கிடைக்காது" என்று சொல்லியிருக்கிறார்கள். அன்று சாயங்காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றதும் போர்ட்டலில் ராஜினாமாவைப் போட்டுவிட்டார். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்பதைத்தான் தேர்ந்தெடுக்கச் சொன்னார்களாம். நோட்டீஸ் பீரியட் மார்ச் 31ல் முடிகிறது. வீட்டுக்கடன் இருக்கிறது. மாமியாரின் டயாலிசிஸ் கம்பெனி இன்ஷூரன்ஸில்தான் நடக்கிறது. மாமனாரோ, "கம்பெனியோடு மல்லுக்கு நிற்காதே, கொடுப்பதை வாங்கிக்கொண்டு வா" என்கிறார். இவர் யாரிடமும் பேசுவதே இல்லை. எங்களுக்குச் சட்டத்தில் ஏதாவது வழி இருக்கிறதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: வழி இருக்கிறது. ஆனால் அது மார்ச் 31 வரைதான் அகலமாகத் திறந்திருக்கும். அதற்குப் பிறகும் முழுக்க அடைபட்டுவிடாது என்றாலும், உள்ளே நுழைய நிறையப் பாடுபட வேண்டியிருக்கும்.

கம்பெனி ஏன் வேலையைவிட்டு நீக்காமல், உங்கள் கணவர் கையாலேயே ராஜினாமா வாங்கியது என்பதை முதலில் பாருங்கள். அவர்கள் நீக்கினால் அது ஆட்குறைப்பு. அதற்கு நோட்டீஸ், இழப்பீடு, அரசுக்குத் தகவல் என்று வரிசையாகக் கடமைகள் உண்டு. கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் பொதுவாக முதலில் அனுப்ப வேண்டும், அப்படிச் செய்யாவிட்டால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் அதே வேலைக்கு ஆள் எடுத்தால், வெளியே அனுப்பியவருக்கு முதலில் வாய்ப்புத் தர வேண்டும். அவரே ராஜினாமா செய்துவிட்டால் இவை எதுவும் கிடையாது. 'சொந்தக் காரணம்' என்ற ஒரு தேர்வில் அத்தனையும் போய்விடுகிறது. நல்ல மனதோடு கொடுப்பதுபோல் காட்டும் அந்த மூன்று மாத பேஸிக், 1,08,000 ரூபாய், உண்மையில் இந்தக் கடமைகளிலிருந்து தப்பிக்க அவர்கள் கொடுக்கும் விலை. விலை சரியா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆட்குறைப்பு இழப்பீட்டு விகிதம் இரண்டிலும் ஒன்றுதான்: வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம். ஆறு மாதத்துக்கு மேல் மிச்சமிருந்தால் அதையும் ஒரு முழு வருடமாக எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் கணவருக்கு ஒன்பது வருடமும் ஏறத்தாழ எட்டரை மாதமும் ஆகியிருக்கும், ஆக பத்து வருடக் கணக்கு. ஊதியம் என்றால் எது என்பதிலும் புதிய சட்டம் ஒரு மாற்றம் செய்திருக்கிறது. படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால், மிஞ்சியது ஊதியத்தோடு சேர்ந்துவிடும். உங்கள் கணவருக்கு 36,000 அல்ல, 45,000 ரூபாயை வைத்துக் கணக்கிட வேண்டும். அப்படிப் பார்த்தால் ஆட்குறைப்பு இழப்பீடு மட்டுமே சுமார் 2,25,000 ரூபாய் வருகிறது. இதைத் தவிர, மறுதிறன் பயிற்சி நிதி என்ற பெயரில் 15 நாள் ஊதியம், அதாவது சுமார் 22,500 ரூபாய், 45 நாளுக்குள் அவர் கணக்கில் சேர வேண்டும். ஆக, 1,08,000 தருகிறோம் என்று சொல்லிச் சட்டப்படி வரவேண்டியதில் பாதியைக்கூடத் தரவில்லை.

கிராஜுவிட்டியை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவேயில்லை. அது ராஜினாமா செய்தாலும் வரும், நீக்கினாலும் வரும். ஐந்து வருடம் முடித்தவருக்கு உரிமைப் பணம் அது. ஊதியம் 45,000 என்று வைத்தால் 2,59,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும், 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். செட்டில்மென்ட் தாளில் கிராஜுவிட்டி, விடுப்புச் சம்பளம், மூன்று மாத பேஸிக் எல்லாவற்றையும் கூட்டிக் கீழே பெரிதாக ஒரு தொகையைப் போட்டு, "பாருங்கள், எவ்வளவு தருகிறோம்" என்பார்கள். தனித்தனியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். பிரித்ததும் தொகை எப்படிச் சுருங்குகிறது என்று தெரியும்.

"ஐ.டி. கம்பெனிக்கு லேபர் சட்டமெல்லாம் பொருந்தாது" என்று உங்கள் கணவரின் நண்பர்களே சொல்வார்கள். இந்த நகரத்தில் இருபது வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் கதை இது. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம், தொழிலாளர் சட்டங்களிலிருந்து அந்தத் துறைக்கு விலக்கு இல்லை என்று தமிழக அரசே 2016ல் தெளிவுபடுத்திவிட்டது. அதற்கு முன்பே, 2015 ஜனவரியில், டி.சி.எஸ். வேலைநீக்கக் கடிதம் கொடுத்த ஒரு கர்ப்பிணிப் பொறியாளரின் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நிறுவனம் பிறகு அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தப் பெண் ராஜினாமா எழுதிக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தடை கேட்க அவர் கையில் ஒரு வேலைநீக்கக் கடிதம் இருந்தது.

இதற்கு நேரெதிராக இன்னொரு கதையும் உண்டு, அதையும் நம்பவேண்டாம். "முந்நூறு பேருக்கு மேல் இருந்தால் அரசாங்க அனுமதி இல்லாமல் ஒருவரையும் நீக்க முடியாது" என்பார்கள். அந்த விதி தொழிற்சாலை, சுரங்கம், தோட்டத் தொழிலுக்கு. சாஃப்ட்வேர் கம்பெனிக்கு இல்லை.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மேலே சொன்ன ஆட்குறைப்பு உரிமைகள் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருபவருக்குத்தான். டெக்னிக்கல் லீட் தொழிலாளியா, மேலாளரா? சம்பளம் அதிகம் என்பதால் மட்டும் ஒருவர் வெளியே போய்விடமாட்டார். தொழில்நுட்ப வேலை செய்கிறவருக்குச் சம்பள உச்சவரம்பே இல்லை. மாதம் 18,000 ரூபாய் என்ற வரம்பு மேற்பார்வை வேலை செய்கிறவர்களுக்கு மட்டும். பதவியின் பெயரைப் பார்க்காதே, அவர் முக்கியமாகச் செய்யும் வேலையைப் பார் என்று உச்சநீதிமன்றம் 1994லேயே சொல்லியிருக்கிறது. ஆகவே உங்கள் கணவரிடம் இதைக் கேளுங்கள்: அவர் விடுப்பு அனுமதிப்பாரா? ரேட்டிங் போடுவாரா? ஆள் எடுப்பதிலும் நீக்குவதிலும் அவர் சொல் எடுபடுமா? இல்லை, அவரும் கோடு எழுதி, கூட இரண்டு ஜூனியர்களின் கோடையும் சரிபார்த்துக் கொடுத்தாரா? பின்னது என்றால் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. முன்னது என்றால் கம்பெனியின் வக்கீல் முதல் நாளே இதைத்தான் பிடிப்பார். மேலாளர் என்று முடிவானால் மிஞ்சுவது நியமனக் கடிதத்தில் உள்ள நோட்டீஸ், கிராஜுவிட்டி, பாக்கிச் சம்பளம், உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்டஈடு. வேலையைத் திரும்ப வாங்குவது அங்கே நடக்காது.

அவர் தொழிலாளி என்றே வைத்துக்கொண்டு மேலே போகிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

பொதுவான விதி இது: பின்தேதியிட்ட ராஜினாமாவை, அது நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன்பு திரும்பப் பெறலாம். "ஏற்றுக்கொண்டுவிட்டோம்" என்று எச்.ஆர். ஒரு மெயில் அனுப்பியிருந்தாலும், கடைசி நாள் வரும்வரை அவர் அங்கே ஊழியர்தான். நியமனக் கடிதத்தில் இதற்கு மாறாக ஏதாவது ஷரத்து இருக்கிறதா என்று ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு, ஒரு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். ஆவேசமாக எழுதவேண்டாம். இன்ன தேதியில் இன்னார் முன்னிலையில் ராஜினாமா செய்யுமாறு சொல்லப்பட்டது, செய்யாவிட்டால் வேலைநீக்கம் என்றும் வேறு வேலை கிடைக்காது என்றும் சொல்லப்பட்டது, அந்த அழுத்தத்தில் போட்ட ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன், வேலையைத் தொடரத் தயாராக இருக்கிறேன். இவ்வளவு போதும். அதையே பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள்.

இந்த மெயில் போனதும் கம்பெனிக்கு இரண்டே வழிதான். வேலையில் வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது தாங்களே நீக்க வேண்டும். நீக்கினால், காரணம் பெஞ்ச் என்றாலும் ரேட்டிங் என்றாலும் அது ஆட்குறைப்புத்தான். ஒழுங்கு நடவடிக்கைத் தண்டனையாக இல்லாமல் எந்தக் காரணத்துக்காக நிர்வாகம் நீக்கினாலும் ஆட்குறைப்பே என்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 1990ல் தீர்த்துவைத்துவிட்டது. இழப்பீடு கொடுக்காமல் நீக்கினால் அந்த நீக்கமே சட்டப்படி நிற்காது.

இதில் ஆபத்தும் இருக்கிறது, மறைக்கமாட்டேன். மூன்று மாத பேஸிக் என்ற பேச்சை அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அது எழுத்தில் இருக்கிறதா என்றே நீங்கள் சொல்லவில்லை. ரிலீவிங் லெட்டரைத் தாமதப்படுத்தலாம். வழக்கு என்று போனால், மிரட்டித்தான் வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் கணவருடையது. அதனால்தான் மெயில் அனுப்புவதற்கு முன்பே ஆதாரம் சேர்க்கச் சொல்கிறேன்: எச்.ஆர். கூப்பிட்ட மீட்டிங் அழைப்பு, சாட் செய்திகள், முந்தைய வருட ரேட்டிங் கடிதங்கள், பே ஸ்லிப்கள், நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதங்கள். அதே நாளில் அதே அறைக்குப் போய்வந்த சக ஊழியர்கள் இருந்தால் அவர்களிடம் பேசிவைத்துக்கொள்ளட்டும். ஒரே வாரத்தில் பத்துப் பேருக்குச் 'சொந்தக் காரணம்' வந்தது என்றால் சமரச அலுவலருக்கு விளக்கவே வேண்டாம். ஆனால் கோடு, கிளையண்ட் விவரம் எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பக் கூடாது. அதைச் செய்தால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க நாமே காரணம் கொடுத்ததாகிவிடும்.

சமரச அலுவலர் என்றேனே, அவர் தொழிலாளர் துறையில் இருப்பவர். அலுவலகம் எந்தப் பகுதியில் இருக்கிறதோ அந்தப் பகுதி சமரச அலுவலரிடம் உங்கள் கணவர் தனியாகவே மனுக் கொடுக்கலாம், சங்கம் தேவையில்லை. 45 நாளில் தீராவிட்டால் நேரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். எல்லாவற்றுக்கும் இரண்டு வருடக் கெடு. தீர்ப்பாயத்தில் ஜெயித்து, மேல்முறையீடுகளும் முடிந்து, அதே நாற்காலியில் போய் உட்கார வேண்டும் என்பது உங்கள் ஆசையாக இருந்தால், வருடங்கள் ஆகும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். என் அனுபவத்தில் பெரும்பாலானவர்களுக்குச் சமரச மேஜையிலேயே ஒரு தொகையும் ஒரு கடிதமும் கிடைப்பதுதான் நடக்கிறது. அதைக் குறைவாக நினைக்கவேண்டாம். மனு எண் விழுந்த பிறகு கம்பெனி பேசும் தொனியே வேறு.

அங்கே பேசும்போது பணத்தைப் போலவே கடிதத்தின் வாசகத்தையும் பேசுங்கள். 'டெர்மினேட்' என்று போடுவோம் என்ற மிரட்டலுக்குத்தான் உங்கள் கணவர் பயந்தார். ஆட்குறைப்பால் விடுவிக்கப்பட்டார் என்று எழுதினால் அதில் எந்தக் களங்கமும் இல்லை. ஐ.டி. துறையில் இன்று அப்படி ஒரு கடிதத்தைப் பார்த்துப் புருவம் தூக்கும் எச்.ஆர். யாராவது இருந்தால், அவர் நாளிதழ் படிப்பதில்லை என்று அர்த்தம். இன்னொரு லாபமும் இருக்கிறது. தொழிலாளிக்கு வரும் ஆட்குறைப்பு இழப்பீட்டில் 5 லட்சம் ரூபாய் வரை வருமான வரி விலக்கு உண்டு. ராஜினாமா செய்தவருக்கு 'நல்லெண்ணத் தொகை' என்று வந்தால் அந்த விலக்கைக் கேட்பது கஷ்டம்.

கணக்கு முடிக்கும்போது, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளை நீட்டுவார்கள். பேரம் முடியாமல் அதில் கையெழுத்து வேண்டாம். வாங்கியே ஆக வேண்டிய நிலை என்றால், கையெழுத்துக்கு மேலே "என் சட்ட உரிமைகளுக்குப் பங்கமின்றிப் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திடட்டும். பாக்கிச் சம்பளத்துக்கு 45 நாள் காத்திருங்கள் என்பது கம்பெனி வழக்கம். வேலையை விட்ட இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்பது சட்டம்.

பி.எஃப். பணத்தை அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். பாஸ்புக்கில் ஓய்வூதியப் பங்கு என்ற பத்தியில் மாதாமாதம் தொகை ஏறியிருந்தால் அவர் ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறார். அதில் பென்ஷன் உரிமைக்குப் பத்து வருடம் வேண்டும், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் ஒரு வருடமாக எண்ணப்படும். வாசல்வரை வந்து நிற்கிறார், இப்போது ஓய்வூதியப் பங்கை உருவப் பார்ப்பது புத்திசாலித்தனம் இல்லை.

வீட்டுக்கடனுக்கு, தவணை தவறிய பிறகு வங்கிக்குப் போகாமல், தவறுவதற்கு முன்பே போய்க் கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். 90 நாள் பாக்கி விழுந்தால் கணக்கு வாராக்கடனாகிவிடும், பிறகு கிளை மேலாளர் நினைத்தாலும் அவர் கையில் அதிகம் இருக்காது.

உங்கள் மாமனார் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் காலத்தில் வேலையைவிட மானம் பெரிதாக இருந்தது. ஆனால் சமரச அலுவலரிடம் மனுக் கொடுப்பது மல்லுக்கு நிற்பது ஆகாது. கணவர் பேசாமல் இருப்பதுதான் எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. மனுவுக்குத் தேவையான தேதிவாரிக் குறிப்பை அவர் சொல்ல, நீங்கள் எழுதுங்கள். எச்.ஆர். அறையில் யார் என்ன சொன்னார்கள் என்று சொல்லத் தொடங்கினால் மற்றதும் வரும். தூக்கமில்லை, சாப்பாடில்லை என்று நாட்கள் நீண்டால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், வழக்கு அதற்காகக் காத்திருக்கலாம்.

மாமியாரின் இன்ஷூரன்ஸுக்கு மட்டும் இந்த வாரமே ஏற்பாடு செய்ய வேண்டும். குழுக் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தில், குழுக் காப்பீட்டில் இருந்த வருடங்களைக் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம். டயாலிசிஸ் நடக்கும் நோயாளி என்பதால் எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், பிரீமியமும் கூடுதலாக இருக்கும். எனவே கம்பெனியோடு சமரசம் பேசும்போது, பணத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது, நடப்புப் பாலிசி ஆண்டு முடியும்வரை குழுக் காப்பீட்டில் அவரை வைத்திருக்கச் சொல்லிக் கேளுங்கள். தமிழக அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமான வரம்பு உண்டு. மாமனார், மாமியார் பெயரில் தனிக் குடும்ப அட்டை இருந்தால் அந்தத் தகுதியையும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.