எண்ணெய் பிரியும் நேரம்

அன்புள்ள சாத்தான்குளத்து வாசகருக்கு,

அல்வாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் நெல்லையப்பர் கோயில் எதிரே உள்ள இருட்டுக்கடையோடு நின்றுவிடுகிறார்கள், எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். நியாயமான வருத்தம். ஆகவே இந்தக் கடிதம் உங்கள் பக்கத்து ஊரான முதலூரின் மஸ்கோத் அல்வாவுக்கும், அதைக் கிண்டியே வயதான மாஸ்டர்களுக்கும்.

1799-இல் கிறிஸ்தவக் குடியிருப்பாகத் தோன்றிய ஊர் முதலூர். மஸ்கோத்தோ கடல் தாண்டி வந்தது. இலங்கையில் அதற்கு மஸ்கட் என்று பெயர். பிழைப்புக்காக அங்கே போன நம்மவர்கள் கைத்தொழிலாகக் கற்றுக்கொண்டு வந்தார்கள்.

மைதாவைப் பிசைந்து, தண்ணீரில் கரைத்துப் பாலெடுக்கிறார்கள். அதோடு தேங்காய்ப்பாலும் சர்க்கரையும், கடைசியில் அண்டிப்பருப்பும். அவ்வளவுதான். நெய் ஒரு சொட்டுக் கிடையாது. நெல்லை அல்வாவுக்கு நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே கிண்டுவார்கள். இங்கே ஊற்ற ஒன்றுமில்லை. தண்ணீர் வற்ற வற்ற, தேங்காய்ப்பாலுக்குள் இருக்கும் எண்ணெய் தானாகப் பிரிந்து வரவேண்டும். அதுவரை மணிக்கணக்கில் அடுப்படியில் நிற்கவேண்டும். தீ கூடினால் அடிபிடிக்கும், கருகல் வாடை வாணலி முழுக்க ஏறிவிடும். தீ குறைந்தால் மாவின் பச்சை வாடை போகாது.

ஒரு ஆயுள் முழுக்கச் செய்தாலும் இது பழகிமுடிவதில்லை என்பேன். நேற்று வந்த தேங்காய் முற்றல், இன்று வந்தது சற்று இளசு. விறகு ஒருநாள் காய்ந்திருக்கும், மழைநாளில் புகையும். கடிகாரம் பார்த்து இறக்க வழியில்லை. துடுப்பில் ஏறும் கனம், ஓரத்தில் எண்ணெய் கசியும் விதம், கொப்புளம் உடையும் சத்தம் இவற்றைக்கொண்டுதான் பதம் கண்டுபிடிக்கவேண்டும். இப்போது இனிப்புக் கடைகளில் மோட்டாரும் கிண்டுகிறது. எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. எத்தனையோ பேருடைய தோள்வலி குறைந்திருக்கும். ஆனால் எப்போது நிறுத்துவது என்பதை மாஸ்டர்தான் சொல்லவேண்டும்.

பெயர்ப்பலகையில் கடையின் பெயர் இருக்கிறது. கிண்டியவர் பெயரை யாரும் எழுதிவைப்பதில்லை. எனக்குப் பெரிய குறை இதுதான். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். முதலூருக்குப் போய், வேலையிலிருந்து ஓய்ந்த மாஸ்டர்களைப் பாருங்கள். எந்தப் பருவத்துத் தேங்காய் நல்லது, மாவுப்பால் எவ்வளவு நேரம் தெளியவேண்டும், எந்த அடையாளம் கண்டு இறக்கினார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு பெயரும் போட்டு எழுதிவையுங்கள். ஒரு பிரதி எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்