கருநாடகப் போர்கள்: வணிகம் வாளேந்திய வரலாறு

நுழையும்முன்

துணி வாங்க வந்தோர் கோட்டை கட்டினர். கோட்டை கட்டியோர் அரசர்களை ஆக்கவும் அழிக்கவும் தலைப்பட்டனர். இம்மாற்றம் ஓர் இருபதாண்டுக் காலத்திற்குள் தமிழ் மண்ணிலேயே நிகழ்ந்தது. அது நிகழ்ந்த வகையை இப்பாடம் விளக்குகிறது.

அடையாறு காட்டிய உண்மை

ஆங்கிலேயர் 1639-இல் சென்னையிலும் பிரெஞ்சுக்காரர் 1674-இல் புதுச்சேரியிலும் காலூன்றினர். சோழமண்டலக் கடற்கரையின் பருத்தித் துணியே இருசாராரும் நாடிய பொருள். ஐரோப்பாவில் மூண்ட ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் இவ்வணிகப் போட்டியைப் படைப் பகையாக மாற்றியது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கப்பற்படை சென்னையைக் கைப்பற்றியது. ஆர்க்காட்டு நவாப் அன்வாருதீன், நகரை மீட்கத் தம் மகன் மாபூஸ்கானை அனுப்பினார். ஏறத்தாழ பத்தாயிரம் பேர் கொண்ட அப்படை, ஆயிரம் பேருக்கும் குறைவான பிரெஞ்சுப் படையிடம் அடையாற்றங்கரையில் தோற்றது. எண்ணிக்கையைவிடப் பயிற்சியும் ஒழுங்கும் வலியவை என்பதை இரு கம்பெனிகளும் உணர்ந்தன.

1748-இல் ஐரோப்பாவில் உடன்படிக்கை ஏற்பட்டது. வட அமெரிக்காவின் லூயிஸ்பர்க் கோட்டையைப் பெற்றுக்கொண்டு, பிரான்சு சென்னையைத் திருப்பியளித்தது. சென்னையில் வாழ்ந்தோரின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை.

அரியணைப் பூசல்

அமைதி ஐரோப்பாவோடு நின்றது. ஆர்க்காட்டு அரியணைக்கு எழுந்த பூசலில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே சந்தா சாகிப்பை ஆதரித்தார். 1749-இல் ஆம்பூர்ப் போரில் அன்வாருதீன் மாண்டார். அவர் மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் அடைக்கலம் புகுந்தார். அவருக்கு ஆங்கிலேயர் துணைநின்றனர். தாயகத்தில் சமாதானமாயிருந்த இரு நாட்டினர், இங்கு நவாபுகளின் பெயரால் போரிட்டனர்.

திருச்சிராப்பள்ளி முற்றுகையைத் தளர்த்த, 1751-இல் இராபர்ட் கிளைவ் சிறுபடையுடன் ஆர்க்காட்டைக் கைப்பற்றி, ஏறத்தாழ 50 நாள் முற்றுகையைத் தாங்கினார். 1752-இல் திருவரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிப் கொல்லப்பட்டார். 1754-இல் டூப்ளே தாயகத்திற்கு அழைக்கப்பட்டார்.

வந்தவாசியும் அதன் பின்னும்

ஏழாண்டுப் போரின்போது பகை மீண்டும் மூண்டது. 1760 சனவரி 22-இல் வந்தவாசியில் அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியை வென்றார். 1761 சனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. அதன் அரண்கள் இடிக்கப்பட்டன. 1763 பாரிசு உடன்படிக்கையால் நகரம் மீண்டும் பிரான்சுக்குக் கிடைத்தது. இழந்த செல்வாக்கு கிடைக்கவில்லை.

டூப்ளேயின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கர், 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பில் அக்கால வணிகத்தையும் போரையும் நகர வாழ்வையும் பதிவுசெய்துள்ளார். புதுச்சேரி வீழ்ந்த அதே திங்களில் அவரும் மறைந்தார்.

வென்ற முகமது அலியும் தன்னுரிமையுடன் ஆளவில்லை. போர்ச்செலவு அவரை ஆங்கிலேயர்க்குக் கடனாளியாக்கியது. 1763-இல் செங்கற்பட்டுப் பகுதியின் வருவாய் உரிமை கம்பெனியிடம் சென்றது. அவ்வருவாய் உழவர் செலுத்திய வரியே. அரியணைக்காக அயலார் துணையை நாடியதன் விலையை, அப்போரில் எப்பக்கமும் சேராத உழவர்களே செலுத்தினர்.

சிந்திக்க: கருநாடகப் போர்களில் உண்மையில் வென்றவர் யார்? காரணம் காட்டி விடையெழுதுக.