உட்சியோக்கி: ஆள் குறைந்த ஒரு வடகோடிப் பிரதேசம்

"குடித்தொகை அடர்த்தி குறைந்த இடத்தில் வளங்கள் தாராளமாகக் கிடைக்கும்" என்று மாணவர்கள் பலர் எழுதிவிடுகின்றனர். பின்லாந்தின் வடகோடியிலுள்ள உட்சியோக்கி இக்கூற்றைப் பொய்யாக்கும் சிறந்த உதாரணமாகும்.

இதன் பரப்பளவு 5,300 சதுர கிலோமீற்றருக்கும் அதிகம். குடித்தொகையோ ஏறத்தாழ 1,200 மட்டுமே. ஒருவருக்கு 4 சதுர கிலோமீற்றருக்கு மேல்! ஆயினும் பின்லாந்தில் இதுவும் தனக்கெனச் சபை கொண்ட ஓர் உள்ளூராட்சிப் பிரிவாகும். அந்நாட்டில் சாமி எனும் சுதேச மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரே உள்ளூராட்சிப் பிரிவும் இதுவே.

ஏறத்தாழ 70° வட அகலாங்கில் அமைந்திருப்பதால் நவம்பர் பிற்பகுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை இங்கு சூரியன் உதிப்பதில்லை. மே நடுப்பகுதி முதல் ஜூலை பிற்பகுதி வரை மறைவதில்லை. காரணம் கேட்டால் "பூமியின் சுழற்சி" என்று மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். அச்சு 23½° சாய்ந்திருப்பதைக் கட்டாயம் குறிப்பிடுக. கோடை குறுகியது, குளிர் கடுமையானது. எனவே பயிர்ச்செய்கைக்கு வாய்ப்பு மிகக் குறைவு. றெயின்டியர் மான் வளர்ப்பு, மீன்பிடி, சுற்றுலா என்பன முக்கிய தொழில்களாக வளர்ந்தன.

இனி முக்கியமான பகுதி. நோர்வேயுடனான எல்லையாக ஓடும் தேனோ ஆறு சமன் மீனுக்குப் பெயர்பெற்றது. (நமது கடைகளில் 'சமன்' என்று விற்கப்படும் ரின் மீன் பெரும்பாலும் வேறு இனமாகும், குழம்ப வேண்டாம்.) சமன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் ஆற்றுக்கே வரும். அவ்வாறு திரும்பும் மீன்களின் தொகை பெரிதும் வீழ்ந்ததால் 2021இல் இரு நாடுகளும் தேனோவில் சமன் பிடிப்பதைத் தடைசெய்தன. அடுத்து வந்த ஆண்டுகளிலும் தடை நீடித்தது. சோவியத் ஒன்றியம் முன்னர் தனது வடமேற்கு ஆறுகளில் விட்ட பசுபிக் இளஞ்சிவப்புச் சமன் பரவி, 2021, 2023 போன்ற ஒற்றை ஆண்டுகளில் பெருந்தொகையாக இங்கும் வந்தது. அதாவது ஆற்றில் மீன் இருந்தது. அவர்களுடைய மீன் இல்லை.

விளைவை வருமான இழப்பு என்று மட்டும் எழுதினால் விடை அரைகுறையே. மீன்பிடி அனுமதிப் பத்திரம் பெற்று வந்த சுற்றுலாப் பயணிகள் குறைந்தமை ஒரு பக்கம். வலை கட்டும் முறையையும், மீனுக்கும் ஆற்றுக்கும் சாமி மொழியிலுள்ள சொற்களையும் பிள்ளைகள் ஆற்றங்கரையில்தான் பழகினர். மீன்பிடி நின்றால் அப்பயிற்சியும் நிற்கிறது. இது மறுபக்கம். பண்பாட்டு விளைவு என்ற தலைப்பில் இதனைத் தனியாக எழுதுக.

பயிற்சி வினா: உட்சியோக்கியில் குடித்தொகை அடர்த்தி குறைவாக இருந்தும் வளப் பற்றாக்குறை ஏற்பட்டமைக்கான காரணங்களை விளக்குக.